குடும்ப மரத்தில் ஆயாவை எங்கே எழுதுவது?

இஸ்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் தரம் 4 படிக்கிறான். போன வாரம் குடும்ப மரம் நிரப்பி வரச் சொல்லிப் பாடசாலையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அம்மா, அப்பா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, எல்லாருக்கும் கட்டம் அச்சடித்தே இருந்தது. அவன் எழுதி முடித்த பிறகு, "ஆயாவையும் போடு" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க நமக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை. சோறு ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து மனது அங்கேயே நிற்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஆயா என்றால் பாட்டி இல்லை, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அது லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கோடியில் ஒரு நீளமான அறை, அவ்வளவுதான். அம்மாமார் விடியற்காலையில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறுவார்கள். கைக்குழந்தை இருந்தால் பத்து மணிபோலப் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். கூரை வளையில் வரிசையாகத் தொட்டில்கள். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் அம்மா கட்டிய பழைய சேலை. கழுவாத சேலையாகத்தான் கொண்டுவர வேண்டும் என்று ஆயா கறாராகச் சொல்வாராம். அம்மா வாசம் இருந்தால் பிள்ளை தூங்கும் என்பது அவருடைய கணக்கு.

நான் பிறந்தது 1984, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். பிறந்த இரண்டாவது மாதத்தில் அந்தத் தொட்டில் வரிசைக்குப் போனேன். ஆயா அங்கே இருந்ததே ஒரு விதத்தில் தற்செயல்தான். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்தைப் பிரித்தார்கள் அல்லவா, அதில் ஆயாவின் வீடு இந்தியா பக்கம் விழுந்தது. அவருடைய அம்மாவும் அண்ணன் குடும்பமும் 1982 இல் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அதைச் சொல்வார்கள். ஆயாவுக்கும் கடவுச்சீட்டு கையில் இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சேமலாப நிதிப் பணம் வந்ததும் பின்னாலேயே போய்விடலாம் என்று நின்றார். பணம் இழுத்துக்கொண்டே போனது. 1984 இல் கப்பல் நின்றுவிட்டது. அந்தப் பணம் ஒழுங்காகக் கைக்கு வந்திருந்தால் ஆயா நீலகிரியில் இருந்திருப்பார், என்னை வேறு யாரோ தூக்கி வளர்த்திருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ செய்யும். அவருக்கு வந்த கஷ்டத்தில் எனக்கு ஒரு மடி கிடைத்திருக்கிறது.

ரொட்டித் துண்டு கையில் கிடைத்தால், "பாதியப் பிச்சுப் பக்கத்துல குடு, அப்புறம் சாப்புடு" என்பார். 41 வயதிலும் ஆசிரியர் அறையில் ஒரு பிஸ்கட்டை எடுத்தால் என் கை தானாக அதை இரண்டாக உடைக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கடிதத்தைப் பற்றி.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணனிடமிருந்து வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ நீல நிற வான்கடிதம் வரும். முதலில் அம்மா வாசித்துக் காட்டுவார். எனக்கு எழுத்துக் கூட்ட வந்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. பாடசாலை விட்டு வந்து, அம்மா மலையால் இறங்கும்வரை பிள்ளைக்காம்பராவில்தான் இருப்பேன். 1993, எனக்கு ஒன்பது வயது. நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போலத் தொடங்கிய கடிதம். மூன்றாவது வரி, அம்மா போன மாதம் காலமாகிவிட்டார். வாசிப்புப் பாடத்தில் வாசிப்பதுபோல அதை உரக்க, ஓரிடத்திலும் தட்டாமல் வாசித்தேன். தட்டாமல் வாசித்த சந்தோஷம் எனக்கு. ஆயா, "இன்னொருக்கா படி கண்ணு" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவைதான் அந்த வரி எனக்குள் இறங்கியது, குரல் உள்ளே போய்விட்டது. மணி மூன்று. பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவு கொடுக்கிற நேரம். ஆயா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, சீனி போட்டுப் பிசைந்து 22 உருண்டை பிடித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

நான் ஆசிரியையாக இருப்பதற்கு அந்த நீலக் கடிதங்கள்தான் காரணம் என்று நம்புகிறேன். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு தேவை என்று அங்கேதான் கண்டேன். இன்றைக்கும் ஒரு பிள்ளையிடம் உரக்க வாசிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நான் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுவேன். 22 வருஷ வேலையில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஆயா இருக்கிறார், எண்பதைத் தொடுகிற வயது. அதே லயத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில். என் கேள்வி இதுதான். இரத்தத்தால் சொந்தம் இல்லாத, ஆனால் உங்களை ஆளாக்கிய மனிதர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களை உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்? எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள்?


பதுளைக்காரன் எழுதியது:

அக்கா, கடிதக் கதையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மா. 1983 ஜூலையில் பதுளைப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது என் அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த என் அக்கா மூன்று பேரையும் தன் வீட்டுப் பின்னறையில் மூன்று இரவு வைத்திருந்தார். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனாலும் அந்தப் பின்னறை எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை தடவை அம்மா சொல்லியிருக்கிறார். சித்திரை வருஷப் பிறப்புக்கு நாங்கள் முறுக்கு கொண்டுபோவோம், அவர் வீட்டிலிருந்து கொக்கிஸ் பலகாரம் வரும். எனக்குச் சிங்களம் வந்தது அந்த வீட்டு முற்றத்தில்தான். கொழும்பில் கடையில் நின்ற 14 வருஷமும் அந்தப் பேச்சுதான் எனக்குச் சோறு போட்டது.

உங்கள் மகனுக்கு நான் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். அப்பா தவறியபோது அந்த அம்மா வந்து, யாரும் சொல்லாமல், எங்கள் அத்தைமார் உட்கார்ந்திருந்த பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தைமார் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒப்பாரி அவருக்குத் தெரியாது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார். சாவு வீட்டில் எந்தப் பாயில் இடம் கிடைக்கிறதோ, அதுதான் முறை. அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.


பீலிக்கரை எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம்.

என் அம்மா 26 வருஷம் பிள்ளைக்காம்பரா ஆயா. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் மடியில். எனக்கு வாசல்படிதான். நான் அவரிடம் போனால், "நீ எம்புள்ளதானே, பொறு" என்பார். ஊர்ப் பிள்ளை அழுதால் ஓடுவார். அதனால் ஆயாவை அம்மா மாதிரி என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சில் ஒரு கீறல் விழும். அவருக்குச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும், அவ்வளவுதான். கொழுந்துக்குப் போனவர்களுக்குக் கூடுதல் கிலோவுக்குக் காசு உண்டு. கூடுதலாக ஆறு பிள்ளை வந்தாலும் அம்மாவுக்கு அதே பேர்தான். வேலையை விட்டு நின்றபோது முழங்கால் இரண்டும் போயிருந்தது. தாய் மாதிரி என்று சொன்ன பிள்ளைகளில் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களை ஒரு கையில் எண்ணலாம்.

சொந்தம் என்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தம் என்று எழுதினால் சொந்தக்காரர் செய்கிறதையும் செய்ய வேண்டும். அவருக்குக் கண் தெரிகிறதா? கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா? நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? கேள்வியில் இதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.


கோத்தகிரி மலை எழுதியது:

நான் கடலுக்கு இந்தப் பக்கம். எங்க தாத்தா குடும்பம் 1979இல் மஸ்கெலியாவிலிருந்து வந்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான் பிறந்தது இங்கேதான், ஆனால் எங்க வீட்டில் ஊர் என்று சொன்னால் மஸ்கெலியாதான். அங்கே எங்களை இந்தியாக்காரங்க என்றார்கள். இங்கே சிலோன்காரங்க.

எங்க அப்பாயி கப்பலில் கொண்டுவந்தது ஒரு ரொட்டிக்கல். சாக்கில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாம். இன்றைக்கும் அதில்தான் ரொட்டி. தேங்காய் போட்டுத் தடிமனாக, நீங்கள் சுடுகிற மாதிரியேதான். இந்த ஊர்க்காரங்க அதை சிலோன் ரொட்டி என்பாங்க. நான் யார் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தக் கல்தான் ஞாபகம் வரும்.

அக்கா, ஆயாவுடைய அண்ணன் எந்த ஊரில் இறங்கினார் என்று கடிதத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கும். கோத்தகிரியா, கூடலூரா, குன்னூரா, பாருங்கள். இங்கே சிலோன்காரங்க இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வியே "அங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். தோட்டத்தின் பேரும் டிவிஷனும் தெரிந்தால் நான் விசாரிக்கிறேன். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.


இஸ்தோப்பு எழுதியது:

பீலிக்கரை, நீங்கள் கேட்டது சரி. நான் எழுதாமல் விட்டதும் அதுதான். இப்போது எழுதுகிறேன்.

1999 இல் ஹட்டனில் ஒரு பாடசாலைக்குப் படிக்கப் போனேன். தோட்டத்திலிருந்து போனது எங்கள் வகுப்பில் நாங்கள் மூன்று பேர்தான். ஒரு நாள் பஸ் நிலையத்தில் டவுன் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தேன். வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயா என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலையில் கம்பளி, கையில் ஒரு பை. கூட நின்ற பிள்ளை, "ஒன்னையா கூப்புடுறாங்க, யாரது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஆயா மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது எனக்கென்று அவித்த மரவள்ளிக்கிழங்கு சம்பலோடு வந்திருந்தது. அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. அதனால்தான் மகன் சொந்தமா என்று கேட்டபோது எனக்கு வாய் அடைத்தது. ஒரு தடவை இல்லை என்று சொன்னவள் நான்.

2003 இல் எங்கள் சனத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தபோது ஆயாவின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவர் கைநாட்டு வைத்தபோது மை படிந்த பெருவிரலை என் பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டேன். அதோடு என் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். கடைசியாகப் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும்.

உங்கள் அம்மாவின் மடியில் உங்களுக்குப் போக வேண்டிய இடத்தில் என்னைப்போல ஒரு பிள்ளை இருந்திருக்கிறாள். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். அம்மா இருக்கிறாரா? இருந்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நேற்றுப் போயா (பௌர்ணமி) விடுமுறை. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயாவுக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. நாலு வருஷமாகவாம். வருகிற கிளினிக் நாளுக்கு நான் விடுமுறை போட்டிருக்கிறேன், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பஸ் நிலையத்தைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். சொல்லத் தொடங்கியதும், "மொதல்ல புள்ளைக்கு டீ ஊத்து" என்றார். டீ ஊற்றினேன். அப்புறம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கெழங்கு சாப்புட்டியா அன்னைக்கி?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

மகன் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கட்டம் இல்லாததால், அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு துண்டு கிழித்து என் பெயருக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். முறை என்ன என்று எழுத வேண்டுமாம். அவரிடமே கேட்டான். "ஆயான்னு எழுதுப்பா" என்றார். அப்படியே எழுதினான். தாளில் ஒரு பக்கம் பாரம் கூடிக் கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது.

கோத்தகிரித் தம்பி, ஆயாவின் தகரப்பெட்டியில் ஐந்து கடிதம் இருந்தது. வெளிப்பக்கத்தில் கூடலூர் என்று தெளிவாக இருக்கிறது, டான்டீ என்றும் இருக்கிறது. கடைசிக் கடிதம் 1997. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அண்ணனின் பெயர் எல்லாம் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பதில் ஏதாவது கடிதமாக வந்தால், முதலில் நான் மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு வாசிப்பேன்.