புது காரில் லைட், வீல் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

சக்கரம்:
வண்டி எடுத்து முதல் சர்வீஸ்கூட ஆகவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் போதாததால் 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு, கூடவே ஒரு இன்ச் பெரிய அலாய் வீல், முடிந்தால் இசியூ ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), இதுதான் திட்டம். ஷோரூமில் கேட்டால் "வெளியில் எதைத் தொட்டாலும் மொத்த வாரண்டியும் காலி" என்கிறார்கள். உண்மையா, இல்லை அவர்களிடமே ஆக்சசரி வாங்க வைக்கிற மிரட்டலா?

ரிலே அண்ணாச்சி:
பாதி மிரட்டல். பொதுவாக மறுப்பது அந்த மாற்றத்தால் கெட்ட பாகத்துக்கான கிளெய்மைத்தான். வீல் மாற்றியதற்காக ஏசி கம்ப்ரசருக்கு வாரண்டி இல்லை என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி வெளிப் பாகம் போட்டதை மட்டும் காட்டி மறுக்க முடியாது. மற்ற இடங்களில் வாரண்டி புத்தகத்தில் உள்ள விதிவிலக்குகளைப் படித்துத்தான் ஆகவேண்டும், யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் பல்பு விஷயத்தில் ஷோரூம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எச்4 வகை ஹெட்லைட் பல்புக்கான ஹோல்டரும் வயரும் 60/55 வாட்டுக்கு அமைத்தவை. ஹை பீமில் 5 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் 8க்கு மேல் ஓடினால் ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், பல நாடுகளில் சட்டப்படியும் கூடாது. வயரை வெட்டி டேப் சுற்றினீர்கள் என்றால் அப்புறம் எந்த எலக்ட்ரிகல் கோளாறு வந்தாலும் பழி அந்த டேப் மேல்தான்.

டர்போ பிரியன்:
ரீமேப் வேண்டாம் ப்ரோ. சர்வீஸுக்கு முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்பார்கள், நம்பாதீர்கள், பல இசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் கண்டுபிடித்தால் 'டிடி1' (மென்பொருள் மாற்றிய வண்டி என்ற குறியீடு) என்று வண்டியின் பதிவிலேயே ஏற்றிவிடுவார்கள். பிறகு டர்போ போனாலும் கியர்பாக்ஸ் போனாலும் உங்கள் செலவு.

சக்கரம்:
சரி, ரீமேப் கிடையாது. வீல்?

டர்போ பிரியன்:
உங்கள் மாடலின் டாப் வேரியண்டில் வருகிற அளவு என்றால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் டயரோடு சேர்த்து மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்ற அளவு) முக்கியம், வீல் வெளியே தள்ளி நின்றால் பேரிங் கிளெய்ம் கேட்க முடியாது. இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள், அது தனிக் கணக்கு.

ரிலே அண்ணாச்சி:
தம்பி, பல்பை மாற்றும் முன் பல்பின் கப்ளரில் அப்படியே செருகுகிற ரிலே கிட் (தனி வயரும் மின்சார சுவிட்சும் சேர்ந்தது) கிடைக்கும், பாருங்கள். வயரை வெட்ட வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வருவதால் வோல்டேஜ் இழப்பு குறைந்து அதே 60/55 பல்பே இன்னும் நன்றாக எரியும். மாட்டும் முன் சர்வீஸ் அட்வைசருக்கு ஒரு மெயில் போட்டு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை கிளெய்முக்கு உதவாது.