மைக்ரோகிளியா பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அல்சைமர். அதனால் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவைப் பற்றி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் குழம்பி நிற்கிறேன், நரம்பியல் படித்தவர்கள் கைகொடுங்கள்.

இந்தச் செல்கள் சும்மா இருப்பதே இல்லை. மெல்லிய கிளைகளை நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன; அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைக் கண்டால் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கின்றன. 2013-இல் ட்ரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் அபாயத்தைக் கூட்டுவதாகக் கண்டார்கள். மூளையில் அந்த மரபணு பெரும்பாலும் மைக்ரோகிளியாவில்தான் இயங்குகிறது. அந்த மரபணு சரியாக இயங்காவிட்டால் அபாயம் கூடுகிறதென்றால், இந்தச் செல்கள் காவலர்கள்தானே? ஆனால் இதே செல்கள் நரம்பு இணைப்புகளையும் விழுங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களையும் சுரக்கின்றன.

என் கேள்வி இதுதான்: காக்கிற செல் கெடுக்கிற செல்லாக மாறுவது நோயின் எந்தக் கட்டத்தில்? அல்லது இரண்டும் ஒரே சமயத்தில் வேறு வேறு இடங்களில் நடக்குமா? அழற்சியைக் குறைத்தாலே சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாப்ராக்சென் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் அல்சைமர் சோதனைகளில் பலன் தரவில்லையே.

எளிமையாக விளக்கும் கட்டுரையோ காணொளியோ இருந்தால் பகிருங்கள். அப்புறம், மருத்துவரிடம் இதைப் பற்றி எப்படிக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.