சுவர்க் கறையைப் படம் எடுத்தால் அது போர் ஆவணமா?

பழையகேமரா:
ஜப்பானியப் புகைப்படக்காரர் கிகுஜி கவாடாவின் 'தி மேப்' என்ற புகைப்படப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டும் வீடியோ ஒன்று பார்த்தேன். 1965-ல், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து 20 வருடம் ஆன அதே ஆகஸ்ட் 6-ம் தேதி வந்த புத்தகம். பல பக்கங்களில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். குண்டுக்குத் தப்பி நிற்கிற அந்தக் குவிமாடக் கட்டடத்தின் சுவரும் கூரையும் என்று சொன்ன பிறகுதான் புரிந்தது, இல்லையென்றால் மழையில் ஊறிய சுவர் என்று தாண்டிப் போயிருப்பேன். ஆள் இல்லை, சம்பவம் இல்லை. இது எப்படி ஆவணம்? கலைப் பம்மாத்து மாதிரி இருக்கிறது.

இருட்டறை:
நேரடியான படங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன நண்பரே. இன்னொரு ஜப்பானியப் புகைப்படக்காரர் கென் டோமோனின் 'ஹிரோஷிமா' புத்தகம் 1958-ல் வந்தது, தீக்காயத் தழும்பு, அறுவை சிகிச்சை என்று எல்லாம் முகத்துக்கு நேராக. கவாடா அதையே திரும்ப எடுத்து என்ன ஆகப் போகிறது? அப்புறம், கறை மட்டும் என்று சொல்வது சரியில்லை. மடித்த பக்கங்களைக் கதவு மாதிரித் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கசங்கிய லக்கி ஸ்டிரைக் என்ற அமெரிக்க சிகரெட் பெட்டி, கோகோ கோலா, நனைந்து சுருங்கிய ஜப்பான் கொடி, தற்கொலைப்படை விமானிகளின் முகங்கள், எல்லாம் அந்தக் கறைகளோடு சேர்ந்து வருகின்றன. தோற்றவன் வீட்டில் ஜெயித்தவனின் சிகரெட் பெட்டி கிடக்கிறது, இதைவிட என்ன ஆவணம் வேண்டும்?

வெள்ளாற்றங்கரை:
எனக்குப் பிடித்தது ஷோமெய் டோமட்சு என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர்தான். 1961-ல் நாகசாகியில் எடுத்த உருகிய பாட்டில் படத்தைத் தேடிப் பாருங்கள். முதல் பார்வைக்குத் தோலுரித்த ஏதோ பிராணி என்றுதான் தோன்றும், பாட்டில் என்று தெரிந்ததும் நிம்மதி வர வேண்டும், வராது, கண்ணாடிக்கே இந்தக் கதி என்றால் பக்கத்தில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று மனசு போய்விடும். அங்கே குண்டு வெடித்த நேரமான 11:02-க்கு நின்றுபோன கைக்கடிகாரத்தையும் அவர் எடுத்திருக்கிறார், அது பார்த்த உடனே புரிகிற படம், ஆனால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ஊரும் வருடமும் போடாமல் விட்டால் இதெல்லாம் ஹாலில் மாட்டுகிற அலங்காரப் படம்தான்.

பழையகேமரா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். குறிப்பு இல்லாமல் நிற்காத படம் என்ன ஆவணம்?

இருட்டறை:
டோமோன் படத்தில் இருக்கும் தழும்பு மட்டும் தானாகப் பேசுகிறதா? அடுப்பு வெடித்ததா, அணுகுண்டா என்று அங்கேயும் எழுத்துதான் சொல்கிறது.

பழையகேமரா:
ம்ம், இதற்கு உடனே பதில் தோன்றவில்லை. டோமோன் புத்தகத்தைச் சென்னையில் எந்த நூலகத்திலாவது பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?