குமரி மாவட்டத்தில் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் தேடியவர்கள்: யாரிடம் என்ன கற்றோம்?

தோவாளை வட்டத்திலிருந்து:

எங்கள் வீட்டுப் பழைய பிரமாணங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, எனக்குப் படித்துக் காட்டியவர், பத்திரம் எழுதி ஓய்ந்த ஒரு பெரியவர். முன்னோரைத் தேட நினைக்கிறவர்கள் இணையத்தைத் திறப்பதற்கு முன் இப்படி ஒருவரைத் தேடிப் போங்கள் என்றுதான் சொல்வேன். நம் மாவட்டத்தில் ஆவணம் கிடைப்பதைவிட, கிடைத்ததைப் படிப்பதுதான் கஷ்டம்.

முதலில் ஆண்டுக் கணக்கு சொல்லித் தந்தார். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நம் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலத்துத் தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை என்றால் அதோடு 824ஐக் கூட்டணும். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. 1101 தை மாதக் கடைசி என்று இருந்தால் அது 1926 பிப்ரவரி. சில பத்திரம் தமிழில் இருக்கும், சிலது மலையாளத்தில் இருக்கும். மலையாள எழுத்தை வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியமாக அவர் கற்றுத் தந்தது உறவுமுறை. நாஞ்சில்நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழிதான் இருந்தது. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். கவிமணி இதனால் வந்த துயரத்தைப் பாட்டாகவே எழுதினார். 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆகவே அதற்கு முந்தைய பிரமாணத்தில் ஒருவர் பெயரை அடுத்து இன்னொருவர் பெயர் வந்தால் மகன் என்று எழுதிவிடக் கூடாது. அனந்திரவனா, அதாவது வாரிசான சகோதரி மகனா என்று பார்க்கணும். காரணவருக்கும் (குடும்பத் தலைவரான மாமனுக்கும்) அனந்திரவனுக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் பெயர் பல நேரம் தாளிலேயே இருக்காது.

அந்தப் பெயர்களை எனக்குச் சொன்னவர் அப்பாவின் அத்தை. "ஆம்பிளையள் பேரு பிரமாணத்துல கெடக்கும் மக்களே, பொம்பளையள் பேரு எங்கிட்டதான் கெடக்கு" என்றார். யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், எந்த வீட்டில் பிள்ளை பெற்றார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு பிரமாணத்தோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருந்துகிறது. உங்கள் வீட்டில் வயதான ஆச்சி, அத்தை இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடற்கரை ஊரிலிருந்து:

எங்களுக்குப் பிரமாணம் அதிகம் இல்லை. ஆனால் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பங்குத்தந்தையிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கினேன். ஏட்டை எடுத்துத் தந்த கோயில்பிள்ளைதான் (கோவில் பணியாளர்) எனக்கு ஆசிரியர். பழைய பதிவுகள் லத்தீனில் இருந்தன. 'ஃபிலியுஸ்' என்றால் மகன், 'ஃபிலியா' என்றால் மகள் என்பதோடு இன்னும் நாலைந்து சொல் தெரிந்தாலே ஒரு பதிவின் பெரும்பகுதி விளங்கிவிடும் என்று காட்டினார்.

நான் பெற்றோர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போனபோது, "ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரையும் எழுதுங்க, அது பெரும்பாலும் சொந்தக்காரங்கதான்" என்றார். உண்மைதான். ஒரே பெயரில் பலர் இருக்கும் கடற்கரையில் எந்தக் குடும்பம் எது என்று பிரிக்க அந்த இரண்டு பெயர்கள்தான் உதவின.

ஒரு தகவல்: கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ஆயர் இல்லக் கடிதங்கள் வேண்டுமென்றால் கொல்லத்துப் பக்கமும் விசாரிக்க வேண்டும்.

நெய்யூர்ப் பக்கமிருந்து:

சீர்திருத்த சபைக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1806இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்தார், 1818இல் நாகர்கோவிலுக்கு மீட் வந்தார். இவர்களை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது லண்டனில், கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் இருக்கின்றன. எங்கள் சபை மூப்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மிஷன் விடுதியில் படித்த பிள்ளைகள் சிலருக்கு, செலவுக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக்காரர்களின் பெயரையே வைத்தார்கள். எங்கள் பாட்டாவின் அம்மா பெயர் ஏன் அப்படி இருந்தது என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

சுசீந்திரத்திலிருந்து:

நான் தேடுவது குடும்பம் இல்லை, ஊர். தாணுமாலயன் கோயிலில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளைக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தி, தெரிந்த எழுத்தை மட்டும் தேடச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடவே நின்றுவிட்டேன். முழு வரியைப் படிக்க முயலாதே, முதலில் 'ஆண்டு', 'தேவர்', 'நிலம்' இவற்றைப் பிடி என்றார். அப்புறம் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசைத் தொகுதிகளில் அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்க்கச் சொன்னார். இதைவிட நல்ல பாடமுறையை நான் பார்த்ததில்லை.

அதே வரிசையில்தான் கன்னியாகுமரி அம்மன் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டும் வந்திருக்கிறது. அது சோழர்களின் வம்சாவளியையே சொல்கிறது. வம்ச வரலாறு தேடுகிறவர்கள் ஒருமுறையாவது அதைப் போய்ப் பார்க்கணும். எழுத்து பழக எளிதான இடம் வேண்டுமென்றால் உதயகிரிக் கோட்டை. திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்து 1777இல் இறந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் (பழைய தமிழ் எழுத்து வகை) கல்வெட்டு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பழகிய பிறகு போங்கள்.

ஓலைச்சுவடி ஆர்வம் இருந்தால் திருவனந்தபுரம்தான். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஓலைகள் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தக் காலம், எந்த ஊர், என்ன வகை ஆவணம் என்று எழுதிக்கொண்டு போங்கள். "எங்க குடும்பத்தப் பத்தி ஏதாவது இருக்கா" என்று கேட்டால் அங்கே இருப்பவர்களால் உதவ முடியாது.

தோவாளை வட்டத்திலிருந்து, மறுபடியும்:

சுசீந்திரத்துக்காரரே, அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் இருந்த பழைய ஆவணங்களான முதலியார் ஓலைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கவிமணி தேடிப் பார்த்து ஆராய்ந்தவை, அ.கா. பெருமாள் பதிப்பித்துப் புத்தகமாகவே வந்துவிட்டது. நாஞ்சில்நாட்டு நிலம், வரி, குடும்பம் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் அதில் தொடங்கலாம், ஓலையைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. பழைய பிரமாணத்தை யாரும் லேமினேட் செய்யாதீர்கள். தாள் கெட்டுவிடும், பின்னால் பிரித்தெடுக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாசிக்க வரவில்லையென்றால் படத்தை இங்கே போடுங்கள். முத்திரைத்தாளின் மேல்பகுதியும் கடைசியில் உள்ள சாட்சிக் கையெழுத்துகளும் தெரியும்படி எடுத்தால் ஆண்டையும் ஊரையும் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.