சாம்பல் அணில்களுக்கு நடுவே ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும்: இவை வேறு இனங்களா?

வேலியோரம் (கேள்வி):
நாங்கள் வசிக்கும் புறநகர்ப் பகுதியில் சாம்பல் அணில்கள் ஏராளம். அண்மைக் காலமாக அவற்றோடு ஒரு கறுப்பு அணிலும், ஏறத்தாழ முழு வெள்ளையான இன்னொரு அணிலும் ஒரே மரத்தில் நடமாடுவதைப் பார்க்கிறேன். கறுப்பு அணிலின் வயிற்றுப் பக்கம் வெயிலில் செம்பழுப்பாகத் தெரிகிறது. இவை எங்கிருந்தோ வந்து குடியேறிய வேற்றினங்களா? கறுப்பு அணில்கள் மூர்க்கமானவை, நாளடைவில் மற்றவற்றை விரட்டிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார். அதில் உண்மை உண்டா?

கிளைநுனி:
கறுப்பைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் உங்கள் சாம்பல் அணில்களின் உடன்பிறப்பாகவே இருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டு, பிரிட்டனிலும் கொண்டுவந்து விடப்பட்ட கிழக்குச் சாம்பல் அணிலில், நிறமியைக் கட்டுப்படுத்தும் எம்சி1ஆர் என்னும் மரபணுவில் 24 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இருக்கிறது. அந்த வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி கரிய நிறமாகவும், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பழுப்பு கலந்த கறுப்பாகவும் பிறக்கும். நீங்கள் கண்ட செம்பழுப்புச் சாயலுக்கு இந்த இரண்டாவது நிலையே காரணமாக இருக்கலாம். ஒரே ஈற்றில் சாம்பல் குட்டியும் கறுப்புக் குட்டியும் சேர்ந்து பிறப்பதுண்டு.

இலைக்கூடு:
வெள்ளை அணிலுக்குப் பெயர் வைக்கும் முன் அதன் கண்ணைப் பாருங்கள். நிறமியே உருவாகாத அல்பினோ அணிலுக்குக் கண் இளஞ்சிவப்பாக இருக்கும். லூசிசம் எனப்படும் நிலையில் ரோமம் மட்டும் வெளுத்து, கண் வழக்கம்போல் கருமையாகவே இருக்கும். இல்லினாய் மாநிலத்தின் ஓல்னி நகரத்து வெள்ளை அணில்கள் முதல் வகை. வட கரோலினாவின் பிரெவார்டு நகரத்தவை இரண்டாம் வகை. அவற்றில் பலவற்றுக்குத் தலையில் ஒரு கருந்திட்டும் இருக்கும். பிளாஷ் போட்டு எடுத்த படத்தை நம்ப வேண்டாம், அதில் எந்த விலங்கின் கண்ணும் சிவக்கக்கூடும். பகல் வெளிச்சத்தில் இருநோக்கி வழியாகப் பார்ப்பதே நல்லது.

மரப்பொந்து:
பக்கத்து வீட்டார் சொல்வது பல ஊர்களிலும் உலவும் கதைதான். நிறத்துக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை; நாம் காணும் துரத்தல்களில் பெரும்பகுதி இணைசேரும் பருவத்துப் போட்டியும் உணவுச் சண்டையுமே. கறுப்பு சில இடங்களில் பெருகுவதற்கு வேறு காரணங்கள் உள்ளன. கடுங்குளிரில் கறுப்பு அணில்கள் சாம்பல் அணில்களைவிடக் குறைவான வெப்பத்தையே இழக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சாலையில் அடிபட்டு இறப்பவற்றிலும் அவற்றின் பங்கு குறைவாகவே இருக்கிறது. கரிய உருவம் தார்ச்சாலையில் ஓட்டுநரின் கண்ணில் எளிதில் படுவது அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. சில இடங்களில் மனிதர்களே அவற்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன் விலங்குக்காட்சிச் சாலையிலும், 1961இல் ஒஹாயோவின் கென்ட் பல்கலைக்கழக வளாகத்திலும் கனடாவிலிருந்து வந்த கறுப்பு அணில்கள் விடப்பட்டன.

வேலியோரம்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை வெயிலில் பார்த்தேன், வெள்ளை அணிலின் கண் நன்றாகக் கறுத்திருக்கிறது. ஆனால் முதுகில் ஓரிடத்தில் ரோமமே இல்லாமல் தோல் தெரிகிறது. இதுவும் நிற வேறுபாட்டின் ஒரு பகுதியா?

இலைக்கூடு:
இல்லை. கண் கருமை என்றால் லூசிசம் என்று கொள்ளலாம், ஆனால் ரோமம் உதிர்வது வேறு விஷயம். அணில்களின் உடல் ரோமம் ஆண்டுக்கு இருமுறை உதிர்ந்து முளைக்கும். அப்போது தற்காலிகமாகத் திட்டுகள் தெரியலாம். தோல் தடித்து, செதில் படிந்து, அணில் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் சொறிப்பூச்சியாக இருக்கக்கூடும். எதுவானாலும் பிடிக்க முயலாதீர்கள். அணில் துவண்டு கிடந்தால் வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள்.

கிளைநுனி:
ஒரு வேண்டுகோள். பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் படங்களைப் பதிவேற்றுவதாக இருந்தால், அந்த இரண்டை மட்டுமல்லாமல் சாதாரணச் சாம்பல் அணில்களையும் சேர்த்துப் பதியுங்கள். எல்லோரும் அரிய நிறத்தை மட்டுமே படமெடுப்பதால், ஒரு பகுதியில் எந்த நிறம் எத்தனை பங்கு என்று கணக்கிடுபவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றிவிடுகின்றன.