ஷேடோ எவாக்குவேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அனைவருக்கும் வணக்கம். பேரிடர்க் காலத் தன்னார்வலர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஷேடோ எவாக்குவேஷன் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருப்பவர்கள், யாரும் சொல்லாமலே மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவதற்கு இந்தப் பெயர். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்தின்போது, ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறினால் நல்லது என்றார் ஆளுநர். அந்தக் கணக்கில் சில ஆயிரம் பேர்தான் வருவார்கள். போனவர்களோ ஏறக்குறைய 1,44,000 பேர். ‘நிழல் வெளியேற்றம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்:
தம்பி, நிழல் என்றால் நமக்குத் தஞ்சம். குடைநிழல், தாள்நிழல் என்கிறோம். நிழலில் இருட்டைப் பார்ப்பது ஆங்கிலேயன் கண். ‘நிழல் உலக தாதா’ எல்லாம் அந்த வழியில் வந்த சரக்கு. ‘நிழல் வெளியேற்றம்’ என்று எழுதினால், நிழலிலிருந்து வெளியேறுவது, ஐந்தாம் வேற்றுமைத் தொகை என்றுதான் என் மாணவன் பிரிப்பான். என் பரிந்துரை: ஏவாப் பெயர்வு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று மிகும். அச்சில் அந்தப் ‘ப்’பைத் தின்றுவிடாதீர்கள்.

கல்லூரி ஆசிரியர், மதுரை:
ஐயா, தீயவை செய்தாரின் கேடு நிழல்போல ‘வீயாது அடியுறைந்தற்று’ என்கிறாரே வள்ளுவர், அந்த நிழல் தஞ்சமா? உட்பகை அதிகாரத்தின் முதல் குறளில் நிழலும் நீரும்கூட இன்னாதவையாகின்றன. பா.ம.க. ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது; அதை மரத்தடியில் வாசித்த அறிக்கை என்று எவரும் நினைத்ததில்லை. ‘ஏவா’ என்றதும் என் மாணவர்களுக்கு ஏவுகணைதான் நினைவுக்கு வரும். ‘அழையா வெளியேற்றம்’ போடலாமே, அழையா விருந்தாளி மாதிரி?

யாழ்ப்பாணத்தவர், டொராண்டோ:
‘பெயர்வு’ வேண்டாம் ஐயா. எங்களுக்கு இடப்பெயர்வு என்றால் 1995 ஒக்டோபர் 30, வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்ட நாள். அது ஒலிபெருக்கியில் சொல்லிக் கிளம்பியது, ஏவாதது அல்ல. இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைக்கக்கூடாது.

போக்குவரத்துப் பொறியாளர், சென்னை:
இலக்கணத்துக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘அழையா’ என்பதில் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்கள் செய்தது தவறு என்றா கையேடு சொல்கிறது? 2005-இல் ரீட்டா புயலுக்கு ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் கிளம்பினார்கள். கத்ரீனா புயல் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதை டிவியில் பார்த்தவன் எப்படி வீட்டில் உட்காருவான்? சாலை நின்றது. நின்ற வண்டிகள் வெயிலில் பெட்ரோலைக் குடித்தன. வழியில் இருந்த பங்க்குகள் வறண்டன. அவற்றை நிரப்ப வேண்டிய டேங்கரும் அதே நெரிசலில்தான் வர வேண்டும். முதியோர் இல்லத்தவரை ஏற்றிச் சென்ற பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்தன. மொத்தம் இறந்த நூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோரைப் புயல் தொடவே இல்லை.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்களே, அதையும் சேர்த்துப் பாருங்கள். பாலம் என்பது ஆம்புலன்ஸும் போகிற வழி. ஆனால் 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்தவருக்குக் காரை நிறுத்த வேறு மேடான இடம் எங்கே இருந்தது? அபராதம் என்று பேச்சு கிளம்பியது, காவல்துறையே மறுத்தது. ஒவ்வொருவர் செய்ததும் நியாயம்தான். எல்லோரும் சேர்ந்து செய்யும்போது சாலை, எரிபொருள், தொலைபேசி என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு விழுகிறது. பழி சொல்லாத சொல்லாகப் பாருங்கள்.

மதுரை:
வேளச்சேரியில் ஆட்கள் வீட்டில், கார் மட்டும் பாலத்தில். அதை அஃறிணை வெளியேற்றம் எனலாம்.

குடியிருப்பு உரிமைப் பணியாளர், சென்னை:
சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டாவது பாதியும் சரியில்லையே. அடையாற்றுக் கரையிலும் கூவம் கரையிலும் போய் ‘வெளியேற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள். புல்டோசர், பிறகு கொண்டுபோய்க் குடியமர்த்தும் பெரும்பாக்கம், கண்ணகி நகர். அவ்வளவுதான் அவர்களுக்குப் புரியும். இந்தக் கையேடு அவர்கள் கைக்கும் போகும்தானே? ‘வெளியேறல்’ போடுங்கள்.

கும்பகோணம்:
அம்மா சொல்வது உணர்வு. இலக்கணம் வேறு. மாறு – மாற்றம், ஆடு – ஆட்டம், ஓடு – ஓட்டம். ஒற்று இரட்டிப்பதால் மட்டும் பிறவினை ஆகிவிடாது. ஏறு – ஏற்றமும் அப்படியே. வெளியேற்றம் தானாகப் போவதையும் குறிக்கும். கமலை ஏற்றத்திலிருந்து தொடங்கி இதை விரிவாக எழுதுகிறேன்.

பொறியாளர்:
ஐயா, அது திங்கட்கிழமைக்கு அப்புறம்.

மொழிபெயர்ப்பாளர்:
இரண்டு நாளில் வந்தவை: நிழல் வெளியேற்றம், நிழல் வெளியேறல், ஏவாப் பெயர்வு, அழையா வெளியேற்றம், தன்முடிவு வெளியேறல். தனிமடலில் ஒருவர் ‘பீதிப் பெயர்ச்சி’ அனுப்பியிருக்கிறார்; சனிப்பெயர்ச்சி மாதிரி இருப்பதால் விட்டுவிட்டேன். ‘நிழல் வெளியேறல்’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும்போது ‘சொல்லாமலே கிளம்புவோர்’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம். பதில் போட்டவர்களில் பாதிக்கு மேல் சரி என்றார்கள், அல்லது அலுத்துவிட்டார்கள்.

டொராண்டோ:
எனக்குச் சரி.

கும்பகோணம்:
எனக்குச் சரியில்லை. பின்னிணைப்பிலாவது ‘ஏவாப் பெயர்வு’ இருக்கட்டும், ஒற்றுடன்.

மொழிபெயர்ப்பாளர்:
சேர்க்கிறேன் ஐயா. அடுத்தது கான்ட்ராஃப்ளோ. ஊருக்குள் வரும் தடங்களையும் வெளியே போகும் தடங்களாகத் திருப்பிவிடுவது. ஹூஸ்டனில் இதைத் தாமதமாகத்தான் செய்தார்கள். ‘எதிர்த்தட ஓட்டம்’?

மதுரை:
புதுவெள்ளத்தில் மீன் எதிரேறும். ‘எதிரேற்றம்’ என்று சொல் தயாராகவே இருக்கிறது.

பொறியாளர்:
மீன் வெள்ளத்தை எதிர்த்துப் போகிறது. இங்கே வெள்ளத்தையே திருப்புகிறோம். அப்படிப் போட்டால் யாராவது ஒன்வேயில் எதிரே வந்துவிடுவார்கள்.