கோவைப் பக்கம் ஒரு வள்ளம் என்றால் எத்தனை படி?

அம்மாயியின் (அம்மாவின் அம்மா) கணக்கு நோட்டைத் தட்டச்சு செய்கிறேன், ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்: வள்ளம், பழைய தானிய அளவை. 1950களின் தொடக்கம், கோவைப் பக்கத்துக் கிராமம். ‘களை வெட்டிய நாலு பேருக்குக் கம்பு 2 வள்ளம்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் கூலி தானியமாகவே போயிருக்கிறது, ரூபாய் அபூர்வம்.

படிக்கு எட்டு ஆழாக்கு, அது தெரியும். வள்ளம்தான் சிக்கல். அகராதியில் இரண்டு படி என்றும் இருக்கிறது, நான்கு என்றும் இருக்கிறது. வீட்டில் எல்லோரையும் கேட்டாயிற்று. 1956 அளவைச் சட்டத்துக்குப் பின் லிட்டரோடு வளர்ந்தவர்கள், சொல்லே புதிது என்கிறார்கள். பரணில் தேடினேன், துருப்பிடித்த படி கிடைத்தது, வள்ளம் இல்லை.

அந்த நாலு பேரும் அன்றைக்கு மடியில் எவ்வளவு கட்டிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வள்ளத்தில் அளந்தவர்கள், அளந்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் ஒரு வள்ளம் எத்தனை படி?